மழையில் இருமும் வேனும் உன் அம்மாவின் முட்டியும்

அம்மாடி,

இங்கே நான் சுகம், உன் அம்மா இடது முட்டியைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் சுகம். நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் அங்கே நன்றாக இருக்கிறீர்கள் என்று எண்ணிக்கொண்டே தொடங்குகிறேன். நான் சொல்லச் சொல்ல எழுதுவது வழக்கம்போல உன் அம்மாதான். எனக்கு எழுத்து வராது என்கிற தைரியத்தில் அவள் எதையாவது விட்டுவிட்டால் உடனே கண்டுபிடித்துவிடுவேன் (கண்டுபிடிக்க மாட்டார்).

போன மாதம் போனில், அந்தக் கிழட்டு வேனை வித்துத் தொலைங்கப்பா, அம்மாவ வாடகைக் கார்ல கூட்டிட்டுப் போங்க என்றாய். நீ சொன்னது நியாயம்தான், அந்த நியாயம் உன் அம்மாவின் முட்டிக்குப் புரியவில்லை. ஆபரேஷனுக்குப் பிறகு அது பாதிக்கு மேல் மடங்க மாட்டேன் என்றது, வாடகைக் கார் சீட்டோ தரையோடு தரையாக இருக்கிறது. நானும் டிரைவருமாக, பீரோவை மாடிப்படியில் திருப்புகிறவர்கள் மாதிரி அவளை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, ஏற்ற முடியாமல் வீட்டுக்குள்ளேயே கொண்டுபோய் விட்டோம். நான் பெயின்ட் டப்பாவும் ஏணியும் ஏற்றிப் பிழைத்த நம் வேனில் சீட் அவள் இடுப்பு உயரம், சாய்ந்து உட்கார்ந்து காலை உள்ளே இழுத்துக்கொண்டால் முடிந்தது. முட்டிக்குப் பயிற்சி கொடுக்கிற ஆஸ்பத்திரிப் பெண் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, ஒரு நாள்கூட விட்டுடாதீங்க, விட்டா முட்டி இப்படியே இறுகிப்போயிடும் என்றாள். அந்த நேரம் பார்த்து மழையும் பிடித்துக்கொண்டது.

வெயிலில் வேன் சொன்ன பேச்சுக் கேட்கும், நாலு தூறல் விழுந்தால் போதும், இருமும், குலுங்கும், மேட்டில் மூச்சு வாங்கும். நீ பள்ளிக்கூட நாடகத்துக்குப் போன அன்றைக்கும் இப்படித்தான் மழையில் நின்றது, ராணி வேஷத்தில் கிரீடத்தோடு இறங்கி நீதான் தள்ளினாய். அன்றைக்குக் கெட்டது இன்ஜின் பிளக்குக்குக் கரண்டு கொண்டுபோகிற வயர். அது எனக்கு நேற்று நடந்த மாதிரி ஞாபகம் இருந்ததால் இந்த முறையும் வயர்தான் என்று அடித்துச் சொல்லி மாற்ற வைத்தேன். இருமல் போகவில்லை. அந்த நாடகத்துக்கு அடுத்த மழையில் பிளக்கே கெட்டிருந்தது ஞாபகம் வந்தது, அதையும் மாற்றினோம், அப்போதும் போகவில்லை. உங்க ஞாபகத்தக் கொஞ்சம் மறந்துடுங்களேன், பழைய வியாதிக்கே மருந்து குடுத்துட்டிருக்கீங்க என்றாள் உன் அம்மா. தும்மல் மெக்கானிக்கைத் தெரியும் அல்லவா, பெட்ரோல் வாசனை பட்டால் தும்முவானே, அவனிடம் கொண்டுபோகிற அன்றெல்லாம் வெயில் காய்கிறது, வண்டியும் டாக்டரைக் கண்ட பிள்ளை மாதிரி ஒன்றும் தெரியாத முகத்தோடு ஓடுகிறது. மழையில கொண்டாங்கண்ணே, அப்பதான் தெரியும் என்கிறான். மழையில் அவன் கடை வரை ஓடினால் அவன் எதற்கு?

பிறகு ஒருநாள் பெரிய சிக்னலில் கொட்டுகிற மழையில் நின்றுவிட்டது. போலீஸ்காரர் ஓடி வந்து, பாட்டி, நீங்க ஸ்டியரிங்கப் பிடிங்க, தாத்தா தள்ளட்டும் என்றார். நின்றதைக்கூட உன் அம்மா பொறுத்துக்கொண்டாள், பாட்டி என்றதைப் பொறுக்கவில்லை. மழையில நிக்காம ஓடுற வரைக்கும் இதுல ஏற மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். அந்த வாரம் முழுக்கப் பயிற்சி விட்டுப்போயிற்று. பாத்ரூம் போக என் தோளைப் பிடிக்கும்போது அவள் விரல் அழுந்துகிற அழுத்தத்திலேயே முட்டி இறுகுவது எனக்குத் தெரிந்தது. எனக்குச் சோறு இறங்கவில்லை (நன்றாகத்தான் சாப்பிட்டார்).

ஞாயிற்றுக்கிழமை துணிக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தவள் கையில் தண்ணீர் தெளிக்கிற பாட்டிலோடு எழுந்து வந்து, மழை வந்தாத்தானே கோளாறு தெரியும், மழைய நாமளே செஞ்சா என்ன என்றாள். வாசலில் வேனை ஓடவிட்டு பானட்டைத் திறந்து, பக்கத்தில் ஸ்டூல் போட்டு அவளை உட்கார வைத்தேன். எங்கேயும் கை படாமல் தள்ளியே தெளி, ஷாக் அடிக்கும் என்றேன். உங்களக் கட்டிக்கிட்ட நாள்லயே வாங்கிட்டேன் என்றாள். வயரில் தெளித்தாள், சத்தம் மாறவில்லை. கரண்டை ஏற்றிக் கொடுக்கிற காயிலில் தெளித்தாள், அப்போதும் மாறவில்லை. ஒவ்வொரு பிளக்குக்கும் கரண்டைப் பிரித்துக் கொடுக்கிற கறுப்பு மூடி இருக்கிறதே, டிஸ்ட்ரிபியூட்டர் கேப், அதன்மேல் ஒரு தூறல் போட்டாள், வண்டி ரெண்டு இருமு இருமிப் பொட்டென்று நின்றது. உன் அம்மா முகத்தைப் பார்க்க வேண்டுமே, கொலைகாரனைப் பிடித்த இன்ஸ்பெக்டர் தோற்றான். மூடியைக் கழற்றி வெயிலில் பிடித்தோம், முடி போல ஒரு விரிசல். ஈரம் படும்போது கரண்டு பிளக்குக்குப் போகாமல் அந்த விரிசல் வழியே குறுக்கு வழியில் ஓடியிருக்கிறது. தும்மல் மெக்கானிக் புது மூடி போட்டுவிட்டு, அக்கா, நம்ம கடைக்கு வந்துடுங்களேன் என்றான். அதிலிருந்து அந்த அக்கா நான் இருமினாலும் பாட்டிலைத் தேடுகிறாள்.

அதற்குப் பிறகு எத்தனையோ மழை, ஒரு பயிற்சி நாள் தவறவில்லை. நேற்றும் கொட்டு கொட்டென்று கொட்டியது, கண்ணாடி துடைக்கிற சத்தத்தைத் தவிர வேறு சத்தமில்லாமல் போய்ச் சேர்ந்தோம். பயிற்சிப் பெண் முட்டியை மடக்கிப் பார்த்துவிட்டு, நல்லா வந்துருச்சும்மா, இனிமே எந்தக் கார்லயும் ஏறலாம் என்றாள். எனக்கு ஒரு பக்கம் சந்தோஷம், ஒரு பக்கம் பயம், இனி உன் அம்மாவும் உன் கட்சியில் சேர்ந்து விற்கச் சொல்வாளே என்று. அவள் என்னைப் பார்க்கவே இல்லை. ஏறலாந்தான், ஆனா மத்த காரெல்லாம் இருமுச்சுன்னா எங்க தெளிக்கணும்னு எனக்குத் தெரியாதேம்மா என்று அந்தப் பெண்ணிடம் சொல்லிவிட்டு, என் தோளைப் பிடிக்காமல் தானே நடந்து போய் வேனில் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

ஆகையால் விற்கிற பேச்சு இருந்தால் இனி அவளிடமே பேசிக்கொள். குட்டிக்குக் காது மூடித் தொப்பி போட்டு வெளியே அனுப்பு, மாப்பிள்ளையை நேரத்துக்குச் சாப்பிடச் சொல், மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நூறு வருஷம் நிறைவாக இருங்கள். ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் போன் செய், அம்மாவின் முட்டியை முதலில் கேள், வேனை அப்புறம் கேள்.

இப்படிக்கு,
உன் அப்பா
(பெருவிரல் ரேகை அவருடையது, அதிலிருக்கிற கிரீஸும் அவருடையதே. அம்மா)