வான் டெர் வெல்டன் வீட்டுச் சோற்றுப் பொதி

அன்பான மெல்பர்ன்காரருக்கு,

நேற்று மீன் சந்தையில் எல்லாரையும் முந்த உங்கள் குடும்பப் பெயரைக் கத்தினேன். வெட்கம்தான். ஆனாலும் நல்ல பாரை கிடைத்தது.

உங்கள் கடிதம் வந்தது. உங்களுக்குப் புது மனைவி வந்துவிட்டாளாம், இனி அந்த ஒல்லாந்தப் பெயரை நான் விட்டுவிட வேண்டுமாம். விடலாம், சுமந்து எனக்கும் அலுத்துவிட்டது. விவாகரத்தன்றே கழற்றியிருப்பேன். ஆனால் வாசலில் 'வான் டெர் வெல்டன்' பலகையைப் பார்த்துத்தான் கொழும்பில் பம்பலப்பிட்டியே என்னிடம் லம்ப்ரைஸ் சோற்றுப் பொதி வாங்குகிறது. குழாய் திருத்துகிறவன்கூட அதைப் படித்த பிறகுதான் 'மேடம்' என்கிறான். பிறந்த வீட்டு சில்வாப் பெயரில் வாழையிலைச் சோறு கட்டினால் யார் சீந்துவார்கள்? எனக்கு வேறு பிழைப்பும் இல்லை.

போன ஞாயிறு வாடிக்கைக்கார மிஸிஸ் கிளாசன் பொதியைப் பிரித்து முகர்ந்தார்.

"உன்ட மாமியாரிட கை அப்பிடியே இருக்கு, மகள்! அந்த ரத்தம் வேற ஆருக்கு வரும்?"

"ரத்தம் இல்ல அன்டி, கூனி இறால் சம்பல்."

அவர் சிரிக்கவில்லை. இன்னும் ஆறு பொதி கேட்டார்.

ஆகவே பலகையை மட்டும் எனக்கு விட்டுவிடுங்கள்.

உங்கள் அம்மாவுக்குச் சோறு வடிக்கவே தெரியாது. ஞாயிறுதோறும் உங்கள் மேசைக்கு வந்த பொதிகளை என் அம்மாதான் கட்டி, பின்வாசலில் கொடுத்துவிட்டுப் போவாள்.

இப்படிக்கு,
உங்கள் பழையவள்