செக்போஸ்ட் வரைக்கும் ஒரு கதை

என் பிரியமுள்ள சரசு மதினிக்கு,

உங்களுக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. நீங்கள் இருந்தவரைக்கும் கடிதத்துக்கு அவசியமே வரவில்லை. உத்தமபாளையத்திலிருந்து கம்பம் என்ன சீமையா? போன் போட்டால் உடனே எடுத்து, "சொல்லு தனம், கதை வருதா?" என்பீர்கள். சாப்பிட்டாயா என்று கேட்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

முதலில் வீட்டுச் சேதி. என் வீட்டுக்காரர் இப்போது கம்பு ஊன்றித் தெருமுனை வரைக்கும் நடக்கிறார். டீக்கடையில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுகிற அளவுக்குத் தேறிவிட்டார். மகளுக்குப் பெரியகுளத்தில் இடம் கிடைத்துவிட்டது, தோட்டக்கலை படிக்கப் போகிறாள். அண்ணன் சோறு வடிக்கக் கற்றுக்கொண்டுவிட்டார். குடிக்கத் தண்ணீர் மொள்ளக்கூட உங்களைக் கூப்பிட்ட மனுஷன். நேற்று போயிருந்தேன். ரசத்தில் உப்பு இரண்டு தடவை விழுந்திருந்தது. நான் முழுசாகக் குடித்துவிட்டு வந்தேன்.

ஆனால் இதைச் சொல்ல நான் உட்காரவில்லை. உங்கள் கருமாதி அன்று அத்தனை பேர் முன்னால் சொல்ல வேண்டிய ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். அன்றிலிருந்து பேனாவைத் தொட்டாலே கை கூசுகிறது.

வேறு யாராவது இதை வாசித்தால் புரிய வேண்டுமே என்பதற்காக உங்களுக்குத் தெரிந்ததையே கொஞ்சம் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். கோர்ட்டுக்கு எதிரே உள்ள கடையில் மனு டைப் அடிக்கிறவள் நான். பன்னிரண்டு வருடமாகக் கதையும் எழுதுகிறேன். ஒரு புத்தகம் வந்திருக்கிறது, அதில் பாதி இன்னும் எங்கள் கட்டிலுக்கு அடியில்தான் இருக்கிறது. நீங்கள் என் அண்ணன் மனைவி. விடிவதற்குள் சோறாக்கி, தூக்குவாளியோடு ஜீப் ஏறி, கம்பம்மெட்டு வழியாகக் கேரளத்து ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போகிறவர். ஒரு ஜீப்பில் பதின்மூன்று பெண்கள். உங்களைத் தவிர்த்த பன்னிரண்டு பேருக்கும் என் கதையைப் போனில் பார்த்து வாசித்துக்கொண்டே மலை ஏறியது நீங்கள்தான்.

அது எப்படி ஆரம்பித்தது? ஜெயா என்ற சின்னப் பெண் வேலைக்குப் புதிது. வளைவு திரும்பினாலே வாந்தி எடுப்பாள். அவள் கவனத்தைத் திருப்புவதற்காக நான் அனுப்பிய ஒரு கதையை வாசித்தீர்கள். மறுநாள் அவளே, "அக்கா, இன்னைக்குக் கதை இல்லையா?" என்று கேட்டாளாம். அப்படியே பழக்கமாகிப்போனது.

அதற்கு ஒரு கட்டளையும் போட்டீர்கள். அடிவாரத்தில் ஆரம்பிக்க வேண்டும், செக்போஸ்ட்டில் முடிய வேண்டும். செக்போஸ்ட் தாண்டினால் எல்லாருக்கும் கங்காணி நினைப்பு வந்துவிடும், காது வேலை செய்யாது. நான் வாரம் ஓர் அத்தியாயம் அனுப்புவேன். திங்கட்கிழமை புதிதாக வாசிப்பீர்கள். மற்ற நாளில் கேட்டவர்கள் திரும்பக் கேட்பார்கள், அதைப் பற்றிச் சண்டை போடுவார்கள். சாயங்காலம் எனக்குத் தீர்ப்பு வரும்: "மூணாவது வளைவுல சிரிச்சாக. ஏழாவதுல பேச்சியம்மாக்கா தூங்கிட்டாக, அங்கன ஏதோ இழுவையா இருக்கு, பாத்துக்க." எந்தப் பத்திரிகை ஆசிரியரும் எனக்கு இவ்வளவு கறாராகச் சொன்னதில்லை. நானும் ஏழாவது வளைவைத் திருத்தி எழுதுவேன்.

மரகதத்தின் கதையை அப்படித்தான் ஆரம்பித்தேன். ஏலத்தோட்டத்துக்குப் போகிற ஒருத்தி, ஒருநாள் எல்லோரும் இறங்குகிற இடத்தில் இறங்காமல் ஜீப்பிலேயே உட்கார்ந்திருக்கிறாள். ஏன் என்று கேட்டால் சொல்ல மாட்டேன் என்கிறாள். எட்டு அத்தியாயம் போனது. அவள் எங்கே போகிறாள் என்று கேட்டு உங்கள் ஆட்கள் உங்களைப் பிடுங்கி எடுத்தார்கள்.

அப்போதுதான் என் வீட்டுக்காரர் லோடு இறக்கும்போது லாரியிலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்தார். காலையில் அவருக்கு எல்லாம் செய்துவிட்டுக் கடைக்கு ஓட வேண்டும், மத்தியானம் திரும்பி வந்து புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், மறுபடி ஓட வேண்டும். கதையாவது கத்தரிக்காயாவது. நீங்கள் பார்க்க வந்தபோது, "கஷ்டம் தீரட்டும் மதினி, அப்புறமா எழுதுறேன்" என்றேன்.

"மலை ஏறி முடிச்சிட்டா கதை சொல்றோம்? ஏறயிலதான தனம் சொல்றோம்," என்றீர்கள்.

எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. "வாசிக்கிறவுகளுக்கு என்ன? எழுதுறவளுக்குத்தான் தெரியும் கஷ்டம்" என்று மூஞ்சியில் அடித்த மாதிரி சொல்லிவிட்டேன். நீங்கள் என் வீட்டுக்காரரின் கால்மாட்டில் போர்வையைச் சரி செய்தீர்கள். பிறகு, "சரி தாயி" என்று சொல்லிவிட்டு எழுந்து பாத்திரம் கழுவப் போனீர்கள்.

அதற்கு அப்புறம் நான் செய்தது உங்களுக்குத் தெரியும். தெரியும் என்பது எனக்கு இப்போதுதான் தெரியும். எழுதவில்லை என்று ஒப்புக்கொள்ள மனசில்லாமல், போட்டிக்கு அனுப்பித் திரும்பி வந்த பழைய கதை ஒன்றை எடுத்தேன். கடைக் கம்ப்யூட்டரில் கதாநாயகியின் பெயரை மட்டும் மரகதம் என்று மாற்றினேன். மனுதாரர் பெயரை மாற்றி மாற்றி அதே மனுவை அடிக்கிறவள்தானே. அது சென்னை அடுக்குமாடியில் நடக்கிற கதை. போன வாரம் மலை ஜீப்பில் போய்க்கொண்டிருந்த மரகதம் இந்த வாரம் லிஃப்டில் ஏறினாள். ஓர் இடத்தில் பழைய பெயர் சுஜாதாவாகவே நின்றது. அதைப் பார்த்தேன் மதினி. பார்த்தும் திருத்தவில்லை. காய் எடுக்கப் போகிறவர்களுக்கு என்ன தெரியப்போகிறது என்று நினைத்தேன்.

அந்த ஒரு நினைப்பை நினைத்துத்தான் இன்று தலை நிமிர முடியவில்லை.

"நல்லா இருக்கு, எல்லாரும் கேட்டாக" என்று பதில் போட்டீர்கள். நான் நம்பினேன். அடுத்த வாரமும் அதே போல ஒன்று. அதற்கு அடுத்த வாரம் அதுவும் இல்லை. ஏழு மாதம் எதுவும் அனுப்பவில்லை. நீங்களும் கேட்கவில்லை. இதில் வேடிக்கை என்னவென்றால், நீங்கள் கேட்கவில்லை என்று எனக்குத்தான் மனத்தாங்கல். மதினிக்கும் நம் எழுத்து சலித்துவிட்டது போலிருக்கிறது என்று மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தேன்.

பிறகு ஒரு திங்கட்கிழமை காலையில் நீங்கள் அடுப்படியில் மயங்கி விழுந்ததாக அண்ணன் போன் செய்தார். கர்ப்பப்பையில் கட்டி, முற்றிவிட்டது என்றார்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் பாதி உடம்பாகக் கிடந்தீர்கள். கஞ்சி ஊட்டினேன். மூன்று கரண்டிக்கு மேல் இறங்கவில்லை. அந்த நிலையிலும், "மரகதம் என்ன பண்றா?" என்று கேட்டீர்கள்.

"எழுதிக்கிட்டுத்தான் இருக்கேன் மதினி," என்றேன். சாகப்போகிறவரிடம் புளுகினேன்.

நீங்கள் சிரித்தீர்கள். "நானும் அவள நல்லாத்தான் பாத்துக்கிட்டேன்," என்றீர்கள். மருந்து மயக்கத்தில் பேசுகிறீர்கள் என்று நினைத்து முந்தானையால் உங்கள் வாயைத் துடைத்துவிட்டேன்.

கருமாதிக்கு ஜீப்போடு வந்திருந்தார்கள் உங்கள் ஆட்கள். வேலையை விட்டுவிட்டு, டிரைவர் உட்பட எல்லாரும். சாப்பிட்டு முடித்ததும் என்னைச் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள். ஜெயாதான் ஆரம்பித்தாள்.

"அக்கா, தப்பா நினைச்சுக்காதீக. மரகதம் ஆஸ்பத்திரிக்குள்ள போனாளா இல்லையா?"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. எந்த ஆஸ்பத்திரி? நான் எழுதிய மரகதம் ஜீப்பை விட்டே இறங்கவில்லையே.

"அதான்க்கா, கட்டப்பனையில அந்த மலையாளத்துச் சேச்சி கடையில டீ ஆத்திக்கிட்டு இருந்தாள்ல. ஊரெல்லாம் அவ டீக்குன்னு வந்தாகளே. பெறகு வயித்துவலி வந்து, ரெத்தம் பட்டு, யாருகிட்டயும் சொல்லாம மறைச்சு மறைச்சு வேல பாத்தாள்ல."

"யாத்தே, அந்த எடத்துல நாங்க அழுதுட்டோம்," என்றாள் இன்னொருத்தி. "அந்தப் பொண்ணுக்கு எதுக்கு இம்புட்டு வலியக் குடுத்தாக ஒங்க நாத்தனான்னு சரசுவத் திட்டுனோம். எழுதுனவளத்தான் கேக்கணும்னு சொல்லிச் சிரிச்சா."

"கடைசியா அந்தச் சனிக்கெழம," என்றாள் ஜெயா, "மரகதம் சீட்டு வாங்கி ஆஸ்பத்திரி வாசல்ல நிக்கா. உள்ள போகவா திரும்பிப் போகவான்னு நிக்கா. அதுக்குள்ள செக்போஸ்ட் வந்திருச்சு. மிச்சத்தத் திங்கக்கெழம சொல்றேன்னாக. திங்கக்கெழம அவுக வரல."

பதின்மூன்றில் பன்னிரண்டு பேர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "நேர்ல பாத்தாப்புல எழுதுறீகக்கா" என்று ஜெயா என் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்போதாவது சொல்லியிருக்கலாம். அது நான் எழுதியதில்லை, என் மதினி சொன்னது என்று ஒரு வார்த்தை. நான் என்ன செய்தேன் தெரியுமா? இரண்டு கையையும் கூப்பினேன். "எழுதிக்கிட்டிருக்கேன்" என்றேன். உங்கள் படத்துக்கு முன்னால், உங்கள் கதைக்கு வந்த பாராட்டை நான் வாங்கிக்கொண்டேன்.

கை கழுவுகிற குழாயடியில் பேச்சியம்மாக்கா வந்து பக்கத்தில் நின்றார். ஜீப்பில் உங்களுக்கு அடுத்த இடம் அவருடையது.

"தனம், எனக்குப் படிக்கத் தெரியாது. ஆனா போனு எரியுதா அணைஞ்சிருக்கான்னு தெரியும். ஏழெட்டு மாசமா அவ கையில போனு அணைஞ்சுதான் கெடக்கும். அவபாட்டுக்குத் தெனமும் புதுசா வாசிச்சுக்கிட்டே வருவா. நடுவுல விரலால தள்ளியும் விடுவா."

"நீங்க கேக்கலையாக்கா?"

"எதுக்குக் கேக்க? கதை நல்லா இருந்துச்சு." ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டார். "உங்கிட்ட இருந்து வாரதாத்தான் எல்லாத்தையும் சொன்னா. எந்தங்கச்சி கஷ்டத்துலயும் விடாம எழுதுறான்னு பெருமையா சொல்லுவா. நீ ஒரு தடவ ஜீப்புக்கு வா."

மதினி, நான் உங்களிடம் சொன்னது ஞாபகம் இருக்கிறதா? எழுதுகிறவளுக்குத்தான் தெரியும் கஷ்டம் என்று. நாலு மணிக்கு எழுந்து, வலியை வயிற்றில் கட்டிக்கொண்டு, சாயங்காலம் வரைக்கும் குனிந்து காய் எடுத்து, அதற்கு நடுவில் மறுநாள் கதையையும் நினைத்து வைத்திருக்கிறீர்கள். நான் வாரம் ஒன்றுக்கே மூச்சு வாங்குவேன். நீங்கள் தினமும் சொல்லியிருக்கிறீர்கள். எப்போது யோசித்தீர்கள்? ஏலச்செடிக்கு அடியில் உட்கார்ந்தா? அண்ணனுக்குச் சோறு போட்டுக்கொண்டா? நேரமில்லை, நிம்மதியில்லை என்றெல்லாம் நான் சொன்னது பொய்யில்லை. ஆனால் கேட்க ஆள் காத்திருக்கிறது என்பதையே நான் மறந்துபோனேன். நீங்கள் மறக்கவில்லை.

இதைவிடப் பெரிய வெட்கம் ஒன்று இருக்கிறது. உங்கள் வலியை நீங்கள் அண்ணனிடம் சொல்லவில்லை, என்னிடம் சொல்லவில்லை. ஜீப்பில் பன்னிரண்டு பேருக்கு வாய்விட்டுச் சொல்லியிருக்கிறீர்கள். அவர்கள் அதை என் கற்பனை என்று நினைத்தார்கள். அது என் கற்பனை இல்லை என்று தெரிந்திருக்கக்கூடிய ஆள் இந்த உலகத்தில் நான் ஒருத்திதான். அந்த ஏழு மாதத்தில் ஒரே ஒரு சாயங்காலம் உங்களுக்குப் போன் போட்டு, "இன்னைக்கு என்ன மதினி வாசிச்சீக?" என்று கேட்டிருந்தால் போதும். வயிற்றுவலி என்று நீங்கள் சொன்ன நிமிஷமே எனக்குத் தெரிந்திருக்கும். உங்களை இழுத்துக்கொண்டு ஓடியிருப்பேன். காப்பாற்றியிருக்க முடியுமா என்று தெரியாது. ஓடியாவது இருப்பேன். நான் கேட்பேன் என்று நீங்கள் எதிர்பார்த்தீர்களா, மதினி?

நாளைக்குத் திங்கட்கிழமை. கடையில் லீவு சொல்லிவிட்டேன். வீட்டுக்காரர், "நீ போயிட்டு வா, சுடுதண்ணி நானே வச்சுக்குவேன்" என்கிறார். முதல் பஸ்ஸில் கம்பம் வந்துவிடுவேன். பேச்சியம்மாக்கா பக்கத்தில் உங்கள் இடத்தை எனக்காகப் பிடித்து வைத்திருக்கிறார்கள்.

அடிவாரம் வந்ததும் முதலில் உண்மையைச் சொல்லிவிடுவேன். நீங்கள் அவர்களுக்கு வாசிக்காமல் மறைத்துவிட்ட அந்த லிஃப்ட் கதையையும் சேர்த்துத்தான் சொல்வேன். காறித் துப்பினால் துடைத்துக்கொள்கிறேன். அப்புறம் ஒன்பதாவது அத்தியாயத்திலிருந்து நீங்கள் சொன்னதை அவர்களையே சொல்லச் சொல்லிக் கேட்பேன். எத்தனை திங்கட்கிழமை ஆனாலும் சரி. ஒரு வார்த்தை விடாமல் எழுதி, மேலே உங்கள் பெயரைப் போடுவேன். சரசு என்று கொட்டை எழுத்தில்.

நீங்கள் விட்டுப்போன கடைசி ஓர் இடத்தை மட்டும் நான் எழுத அனுமதி கொடுங்கள். கையில் சீட்டோடு வாசலில் நிற்கிறாளே மரகதம், அவளைத் திரும்பிப் போக விடமாட்டேன். அவள் உள்ளே போவாள். நோய் முற்றுவதற்கு முன்னாலேயே போவாள். தனியாகவும் இல்லை. பஸ்ஸை விட்டு இறங்கி மூச்சிரைக்க ஓடிவந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "என்கிட்ட ஏன் சொல்லல?" என்று திட்டிக்கொண்டே ஒருத்தி கூடப் போவாள். அவளுக்குப் பெயர் வைக்கப் போவதில்லை. உறவுமுறை மட்டும்தான்.

உங்கள் நாத்தனார்,
தனம்