‘ப்ரிசைஸ்லி’க்கு இரண்டு சீட்டுகள்

மார்ச் 3, செவ்வாய்

அகராதி ஆபீஸில் இன்றைக்கும் அவள் புராணம்தான். மூக்கில் ஒன்று, தலையில் ஒன்று என்று இரண்டு கண்ணாடி மாட்டிக்கொண்டு திரிகிறவள். வந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. நான் பதினோரு வருஷமாகச் சொற்களுக்குப் பொருள் எழுதிக் குப்பை கொட்டுகிறேன். துணையாசிரியர் பதவி காலியாகிறதாம். “அந்தப் பொண்ணுக்கு வார்த்தையைப் பிடிக்கிற நல்ல காதும்மா” என்று ஆசிரியர் என்னிடமே சொல்கிறார். ஏன், எனக்கென்ன காது அடைச்சா கிடக்கு?

மார்ச் 5

வயிறு எரிகிறது. வேறொன்றும் எழுத இல்லை.

மார்ச் 9, திங்கள்

ஒரே சொல்லுக்கு இரண்டு பேர் எழுதுவோம். தட்டச்சுக்காரர் அவற்றைப் பெயரில்லாமல் சீட்டுகளில் அடித்து வைப்பார். ஒரு வருஷம் கழித்து எடுத்து, எது அகராதியில் ஏறலாம் என்று பார்ப்போம். இன்று ‘ப்ரிசைஸ்லி’ என்ற ஆங்கிலச் சொல். “நீங்க ரெண்டு பேரும் தனித்தனியா கருத்து எழுதிக் கொடுங்க” என்று என்னிடமும் அவளிடமும் சொன்னார் ஆசிரியர். பதவி இதில்தான் தொங்குகிறது என்று யாருக்குத் தெரியாது?

முதல் சீட்டு: துல்லியமாக, மிகச் சரியாக. அவ்வளவுதான், சவசவ.

இரண்டாவது: துல்லியமாக, இம்மி பிசகாமல். ஒருவர் சொன்னதை ஒப்புக்கொள்ளும்போது — “அதேதான்!” காரணத்தை அழுத்தும்போது — “நீ வருத்தப்படுவாய் என்பதாலேயேதான் சொல்லவில்லை.”

அழகாக இருந்தது. அந்த மினுக்கு அவளுக்குத்தான் வரும். சிவப்பு மையை எடுத்தேன். ‘அதிகப்பிரசங்கித்தனம். இது அகராதியா, மேடைப் பேச்சா?’ முதல் சீட்டுக்கு டிக் போட்டேன்.

“என்ன, முகத்துல இன்னிக்கு பல்பு எரியுது?” என்றார் வீட்டுக்காரர். ஒன்றுமில்லை என்றேன்.

மார்ச் 12

ஆசிரியர் கூப்பிட்டு, இரண்டாவது சீட்டின் கையெழுத்துப் பிரதியை முன்னால் வைத்தார். என் கையெழுத்து.

“போன வருஷம் நீங்க எழுதினதும்மா.”

நானூறு சீட்டு எழுதியதில் இதை மறந்தே போயிருக்கிறேன். முதல் சீட்டுதான் அவளுடையது. அது அவளுக்கு ஞாபகம் இருந்திருக்கிறது. அவள் கருத்தையும் காட்டினார்: ‘இரண்டாவதில் ஓர் எழுத்தையும் தொட வேண்டாம். முதலாவது என்னுடையது, விட்டுவிடலாம்.’

சீ. என்ன ஜென்மம் நான்? என் குழந்தையையே அடுத்த வீட்டுப் பிள்ளைன்னு நினைச்சு கிள்ளிட்டேனே.

ஏப்ரல் 2

அவள் துணையாசிரியர் அறைக்கு மாறிவிட்டாள். நான் சிவப்பு மையில் எழுதியது அவளுக்குத் தெரியுமா? எனக்குத் தெரியாது.

மத்தியானம் அவளே வந்தாள். “அக்கா, இந்தச் சொல்லைக் கொஞ்சம் பாத்துத் தர்றீங்களா?” மறுபடி இரண்டு சீட்டு. எது அவளுடையது என்று தேடாமல் படிக்க முடியவில்லை. மூன்று தடவை எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தேன். அப்புறம் நல்லதற்கு டிக் போட்டேன்.

அவளுடையதாகத்தான் இருக்கும். எரியத்தான் செய்கிறது.