அப்பாவுக்கு ஒரு டேப்லெட்

செவ்வாய், இரவு.

இல்லை, டேப்லெட் வாங்காததற்கு விலை காரணமில்லை. அப்பா வாசிக்கத்தான் டேப்லெட் பார்க்க ஒண்டிக்கடை கடைவீதிக்குப் போனோம். மலிவானதில் எழுத்து மங்கல். நல்லதற்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு விலை. நான் தயங்கி நின்றேன். மலிவானதை அப்பா கையில் வாங்கி உற்றுப் பார்த்தார்.

"நொம்பத் தெளிவாத் தெரியுது கண்ணு. ஏனுங்க, இதையே போட்டுடுங்க."

கடைக்காரர் என்னைப் பார்த்தார். திரை அணைந்து அரை நிமிடம் ஆகியிருந்தது.

அப்பா எஸ்டேட் ரைட்டர். தினமும் காலையில் பதிவேட்டை விரித்துக்கொண்டு ஆட்களின் பெயர்களைக் கூப்பிடுகிறார். அத்தனை பெயரும் அவருக்கு மனப்பாடம். எத்தனை நாளாக அதைப் பார்த்துப் படிக்கவில்லையோ.

இரண்டையும் வாங்கவில்லை. காலை முதல் பஸ்ஸில் சேலத்துக் கண் ஆஸ்பத்திரிக்குப் போக அவருடைய சட்டையைத் தேய்த்து வைத்தேன்.