கைதட்டலுக்கு முன் ஒரு நிமிடம்

மாசி 3, ஞாயிறு

காலையில் பனி. எட்டரைக்குத்தான் மலை தெரிந்தது. பல் வலி கம்மி.

கிரிக்கெட் இறுதி ஆட்டம். நாமும் நியூசிலாந்தும். ஆட்டம் ஆஸ்திரேலியாவில், ஆகவே இங்கே பகலிலேயே. "ஊர் எப்படிப் பார்த்தது" என்று பத்திரிகை அலுவலகம் ஒரு பெட்டிச் செய்தி கேட்டது. கோமதி மெஸ்ஸில் உட்கார்ந்தேன். இடமில்லை, அரிசி மூட்டை மேலும் ஆட்கள்.

மெஸ் மாடியில் குடியிருக்கும் கிரேம் (இனி கி.) மூலை மேசையில். நியூசிலாந்துக்காரர், ஓய்வுபெற்ற தபால்காரர். மூன்று குளிர்காலமாக இங்கேதான். அவர்கள் நாட்டுக்கு மொத்தம் ஒரே ரசிகர்.

ஆட்டோ சேகர்: "தாத்தா, தோத்தா இன்னைக்கு பில்லு உன்னுது!" கி. சிரித்தார்.

நம் கேப்டன் சதத்துக்குச் சற்று முன் கேட்ச். மெஸ் முழுக்க "அய்யோ". பிறகு கி. எழுந்து நின்று கைதட்டினார். சேகர் கத்தினான்: "நம்ம ஊரு சோத்தத் துன்னுட்டு நம்மாளு அவுட்டானா கை தட்டுவியா?" கி. உட்கார்ந்துவிட்டார்.

ஞாயிறு மாவட்டப் பக்கம் சீக்கிரம் முடியும். ஆட்டம் முடியக் காத்திராமல் ஆறு வரி அனுப்பினேன். பிறகு தோற்றோம்.

மாசி 4, திங்கள்

செய்தி வந்திருக்கிறது. தலைப்பு: "இந்திய வீரர் அவுட், வெளிநாட்டவர் கொண்டாட்டம்". தலைப்பு அலுவலகத்துடையது. உள்ளே "கைதட்டி மகிழ்ந்தார்" என்பது என்னுடையது.

பௌர்ணமி கிரிவலச் சிறப்புப் பேருந்து விவரம் கேட்க வேங்கிக்கால், ஆட்சியர் அலுவலகம். பட்டியல் தயாரில்லை. வெயில். இரண்டு மோர்.

மாசி 5, செவ்வாய்

மெஸ் நடத்தும் கோமதி போன் செய்தார். பேப்பர் துண்டைப் படமெடுத்து எல்லா குரூப்பிலும் போட்டிருக்கிறார்களாம். நேற்று சாயங்காலம் நாலு பையன்கள் மாடியைப் பார்த்துக் கூச்சல்.

"இன்னா சார் இப்டி எழுதிட்டீங்க? அவரு அவுட்டுக்கு தட்டலையாம். நல்லா ஆடுனவரு திரும்பிப் போறப்ப எழுந்து நின்னு தட்டறது அவங்க ஊரு மரியாதைனு சொல்றாரு. ஆனா எனக்கு கடை நடக்கணுமே சார். வியாழக்கிழமைக்குள்ள ரூமைக் காலி பண்ணச் சொல்லிட்டேன். சொல்லிட்டு அழுகையா வருது."

நோட்டை எடுத்துப் பார்த்தேன். என் வழக்கம், ஒவ்வொரு வரிக்கும் நேரம் போடுவது.

2.41 கேட்ச்.
2.42 கி. எழுந்தார். கைதட்டல். கேப்டன் எல்லைக் கயிறு தாண்டும் வரை.

ஒரு நிமிடம். மகிழ்ச்சியில் தட்டுகிறவன் ஒரு நிமிடம் காத்திருக்க மாட்டான். கேட்ச் பிடித்தபோது அவர் சும்மாதான் இருந்திருக்கிறார். அது என் கையெழுத்திலேயே இருக்கிறது. சேகரின் குரலைக் கேட்டு எழுதினேன், நோட்டைப் பார்த்து எழுதவில்லை.

சேப்பாக்கத்தில் நம்மை ஜெயித்த அணிக்கு எழுந்து நின்று தட்டிய கூட்டத்தில் நானும் நின்றிருக்கிறேன். அதைப் பெருமையாக எழுதியும் இருக்கிறேன்.

மாசி 6, புதன்

உதவி ஆசிரியரிடம் திருத்தம் கேட்டேன். "ஆறு வரிக்கு ஒரு திருத்தமா சார்? நாளைக்கு மறந்துடுவாங்க." பிழை என்னுடையது என்று எழுத்தில் அனுப்பினேன். மூன்று மணி நேரம் பதில் இல்லை. பிறகு, "சரி, ரெண்டு வரி."

பல் டாக்டர் சனிக்கிழமை வரச் சொன்னார். செருப்பு தைக்கக் கொடுத்தது வாங்க வேண்டும். மறந்தேன்.

மாசி 7, வியாழன்

திருத்தம் வந்துவிட்டது. ஏழாம் பக்கம், சான்றிதழ் தொலைந்த விளம்பரத்துக்குக் கீழே. கண்ணாடி போட்டுத் தேடினேன்.

கோமதியிடம் காட்டினேன். "இத யாரு சார் படிப்பாங்க?" உண்மைதான்.

ஒரு மணி, சாப்பாட்டு நேரம். மெஸ் நிறைந்திருந்தது. எழுந்து நின்றேன். நோட்டிலிருந்த இரண்டு வரியையும் நேரத்தோடு வாசித்தேன். அவர் தட்டியது நம் ஆட்டக்காரருக்கு, தப்பாக எழுதியது நான் என்றேன். நாற்பது வருடத்தில் கூட்டத்தில் பேசுகிறவர்களைக் குறித்துக்கொண்டதுதான் பழக்கம்.

யாரோ ரசம் கேட்டார்.

சேகர் சோற்றில் கை வைத்தபடி: "அப்ப நான் கத்துனது, நம்மாளுக்கு மரியாதை பண்ணவரையா?"

"ஆமா."

"ச்சே." ஒரு வாய் விழுங்கிவிட்டு: "எங்ககிட்ட சொல்லிட்டீங்க. பேப்பர்ல போட்டுட்டீங்க. அவருகிட்ட சொன்னீங்களா சார்?"

சொல்லவில்லை. நான்கு நாளில் அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அலுவலகத்துக்கு எழுதினேன், கோமதியிடம் பேசினேன், நோட்டைப் புரட்டினேன்.

கோமதி சாம்பார் வாளியைக் கீழே வைத்தார். "போங்க சார். ரூம் அவருக்குத்தான்னு நான் சொன்னேன்னும் சொல்லுங்க."

இலையை மூடிவிட்டுப் படியேறினேன். சேகர் கை கழுவிக்கொண்டு பின்னாலேயே வந்தான்.

கதவு திறந்திருந்தது. கட்டில் மேல் பெட்டி, பாதி அடுக்கியபடி. சொன்னேன். சேகரும் சொன்னான், தலையைக் குனிந்துகொண்டு. கி. முழுவதையும் கேட்டார். பெட்டியிலிருந்து இரண்டு சட்டைகளை மட்டும் எடுத்துக் கொடியில் திரும்பப் போட்டார்.