மழைப் பாட்டு என்று சொன்னேன்

12 ஜூன் 2025, வியாழன்

மில்லில் இன்று லோடு அதிகம். டெஸ்பாட்சில் நின்று நின்று கால் மரத்துவிட்டது. சாயங்காலம் ராஜபாளையத்தில் பஸ் ஏறி நேரே ஸ்ரீவில்லிபுத்தூர், பெலிக்ஸ் அண்ணன் ஸ்டூடியோ. ஸ்டூடியோ என்றால் அவர் வீட்டு மாடி அறை. சுவரெல்லாம் பழைய மெத்தையை வைத்து அடித்திருக்கிறார். சர்ச் பாட்டும் தேர்தல் விளம்பரமும் பதிகிற அந்த அறையில்தான் என் ஆல்பமும் வளர்கிறது. எட்டுப் பாட்டு, எட்டும் சோகம். ‘ஈமோ-ஃபோக்’ என்று போட்டு வைத்திருக்கிறேன். “அழுமூஞ்சிப் பாட்டுன்னு தமிழ்லயே போட்டுருலே” என்கிறார் அண்ணன்.

‘ஆணியில் ஒரு சட்டை’ மட்டும் இன்னும் நிறையவில்லை. கிடார் நான். வயலினை அண்ணன் ஒருவரே திரும்பத் திரும்ப வாசித்து அடுக்கியதில் ஒரு கூட்டமே உட்கார்ந்து வாசிப்பது போல இருக்கிறது. ஆனால் அடியில் தாங்க ஒன்று வேண்டும். கம்ப்யூட்டரில் இருக்கிற செல்லோ சத்தத்தைப் போட்டுப் பார்த்தோம். பிளாஸ்டிக்.

“உங்கப்பாவக் கூப்பிடு. அவரு பேண்டுல ஊதுன யூஃபோனியத்துக்குன்னே செஞ்ச இடம்ல இது.”

வேண்டாம் என்றேன். அந்தப் பாட்டு அப்பா செத்துப்போனதைப் பற்றியது. அப்பாவோ தினமும் காலையில் கண்மாய் வரை நடந்துவிட்டு வந்து, எனக்கும் சேர்த்து டீ வாங்கி வைத்திருக்கிற ஆள்.

“அவருக்கு ஹெட்போன்ல தாளத்துக்கு டிக் டிக்கும் கிடாரும்தான் போகும். ஒன் பாட்டு எதுக்கு அவருக்கு?” என்றார் அண்ணன்.

அதுவும் சரிதான். எல்லாரையும் அப்படித்தான் தனித்தனியாகப் பதிகிறோம்.

15 ஜூன், ஞாயிறு

கேட்டுவிட்டேன். அப்பா எழுந்துபோய்ப் பரணிலிருந்து யூஃபோனியப் பெட்டியை இறக்கித் துடைக்க ஆரம்பித்தார். சர்வீஸ் முழுக்கப் போலீஸ் பேண்டில் அவர் ஊதியது இந்தப் பெரிய பித்தளை வாத்தியம்தான். ரிட்டயர் ஆன பிறகு ஒரு பேண்டு செட்காரரிடம் பழையது ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டார். நான் கிடார் பிடித்த நாளிலிருந்து இன்றைக்குத்தான் அவரிடம் ஒன்று கேட்டிருக்கிறேன்.

அம்மா அடுப்படியில் இருந்து, “எம்புட்டு சந்தோசம் பாரு மனுசனுக்கு” என்றாள்.

“பாட்டு எதப் பத்திலே?” என்றார் அப்பா.

“மழை பத்திப்பா.”

வாயில் எப்படி வந்தது அது?

18 ஜூன், புதன்

மொட்டை மாடியில் அப்பா ஒரே சாதகம். முன்பல் கட்டியதிலிருந்து உதடு நிற்கவில்லையாம். அவர் நீளமாக ஒரு சுரம் பிடித்தால் தெருவில் நாய்கள் எல்லாம் கூடச் சேர்ந்து பிடிக்கின்றன. பக்கத்து வீட்டுக் கண்ணுச்சாமி மாமா, “மச்சான், கச்சேரிக்கு டிக்கெட் உண்டா?” என்று கத்தினார். அப்பா வெட்கப்பட்டுச் சிரித்தார். அவர் வெட்கப்பட்டு நான் பார்த்ததே இல்லை.

22 ஜூன், ஞாயிறு

பதிந்தாயிற்று. அப்பா இஸ்திரி போட்ட சட்டை, பாலிஷ் போட்ட ஷூ. மெத்தை அடித்த அறையில் அட்டென்ஷனில் நிற்பது போல உட்கார்ந்திருந்தார். ஹெட்போனைப் போட்டதும் சின்னப் பிள்ளை மாதிரித் தலையாட்டினார்.

முடித்துவிட்டு நெற்றியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: “மழைக்கு இது கொஞ்சம் மெதுவால்ல இருக்கு? டியூட்டில செத்துப்போனவியளத் தூக்கிட்டுப் போகயில நாங்க இந்த வேகத்துலதான் நடப்போம்.”

பெலிக்ஸ் அண்ணன் சட்டென்று கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டார். நான், “தூறல்ப்பா. சின்னத் தூறல்” என்றேன்.

வாசிப்பு அப்படி ஒரு அழகு. பொய் சொல்லி வாங்கிய அழகு.

4 ஜூலை, வெள்ளி

முதல் பாட்டாக ‘ஆணியில் ஒரு சட்டை’யை இன்று நெட்டில் ஏற்றினோம். அட்டைக்கு அப்பாவின் பழைய யூனிஃபார்ம் படம், கறுப்பு வெள்ளையில். கீழே ‘அப்பாவுக்கு’ என்று ஒரு சொல். நன்றாக இருந்தது, போட்டேன். வீட்டில் யாரும் இதெல்லாம் பார்க்கிற ஆட்கள் இல்லை என்ற தைரியம்.

“உன் சட்டை ஆணியில் தொங்குது அப்பா,
தோளை மட்டும் எங்கே வைத்தாய்?”

இந்த வரியைத்தான் கேட்டவர்கள் எல்லாரும் எடுத்து எடுத்து ஸ்டேட்டஸில் போடுகிறார்கள்.

9 ஜூலை, புதன்

நிறையப் பேர் எழுதுகிறார்கள். ‘ஆழ்ந்த இரங்கல் வல்லரசு ப்ரோ.’ ‘தைரியமா இருங்க.’ கடையநல்லூரில் இருந்து ரமீஜா என்று ஒருவர். போன மாதம் அவருடைய அத்தா மவுத்தாகிவிட்டாராம், அப்பா இறந்ததை அப்படித்தான் எழுதியிருந்தார். தினமும் கேட்கிறாராம், கேட்டால்தான் அழுகை வருகிறதாம். ‘உங்களுக்கும் இந்த வலி தெரியும்ல’ என்று முடித்திருந்தார்.

‘தெரியும்’ என்று பதில் போட்டேன்.

போட்டுவிட்டு போனைக் கவிழ்த்து வைத்தேன். தெரியுமா உனக்கு? என்ன தெரியும்? பக்கத்து அறையில் அப்பா இருமிக்கொண்டிருந்தார்.

14 ஜூலை, திங்கள்

எழுதியே ஆக வேண்டும்.

மத்தியானம் மில்லுக்கு ஆள் வந்தது, உடனே வீட்டுக்கு வா என்று. தெருமுனைக்கு வரும்போதே ஒப்பாரிச் சத்தம். அப்பாவுக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று ஓடினேன். பாட்டு பலித்துவிட்டது என்று நினைத்தேன். அந்த ஒரு நிமிஷத்தை நான் சாகிற வரை மறக்க மாட்டேன்.

வாசலில் மகாராஜபுரம் கருத்தம்மா அத்தை, அப்பாவின் அக்கா, தலைவிரி கோலமாக. கூட ஒரு வேன் நிறைய ஜனம். ஒருவர் கையில் மாலை. அத்தை மடியில் பிணத்துக்குப் போர்த்துகிற கோடி வேட்டி, வத்திராயிருப்புக் கடைப் பையோடு. அவர்கள் நடுவில் பனியனும் கைலியுமாக அப்பா நின்றுகொண்டிருந்தார். அத்தை அவர் கையைப் பிடித்துப் பிடித்துப் பார்க்கிறாள், கன்னத்தைத் தடவுகிறாள், மறுபடி அழுகிறாள்.

யாரோ அந்த அட்டைப் படத்தைச் சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப் குரூப்பில் கண்ணீர் அஞ்சலி என்று அனுப்பிவிட்டார்கள். கறுப்பு வெள்ளைப் படம், யூனிஃபார்ம், ‘அப்பாவுக்கு’ — வேறு எப்படி நினைப்பார்கள்? அத்தை அப்பாவுக்குப் போன் போட்டிருக்கிறாள். சார்ஜ் இல்லாமல் அணைந்து கிடந்திருக்கிறது. எனக்கும் போட்டிருக்கிறாள். மில்லுக்குள் போன் கொண்டுபோக விடமாட்டார்கள். அப்புறம் வேன் பிடித்துவிட்டார்கள்.

அப்பாவுக்கு முதலில் சிரிப்புத்தான். “உக்காருங்க, உக்காருங்க. செத்தவனே காப்பி போட்டுத் தாரேன்” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அத்தைகூட மூக்கைச் சிந்திக்கொண்டே சிரித்தாள். “ஆயுசு கெட்டிடா ஒனக்கு.” அப்புறம் அத்தை பேரன் போனை நீட்டினான். “தாத்தா, வல்லரசு மாமா பாடுனது இதுதான்.”

அப்பா முழுதாகக் கேட்டார். வாசல் முழுக்க ஜனம். தான் ஊதியது வருகிற இடங்களில் விரல்கள் தானாகத் தொடையில் அசைந்ததைப் பார்த்தேன். அவருடைய சாவுக்கு அவரையே வாசிக்க வைத்திருக்கிறேன்.

பாட்டு முடிந்தது. அவர் என்னைப் பார்த்தார்.

“மழைப் பாட்டுன்னு சொன்ன.”

அவ்வளவுதான். உள்ளே போய்விட்டார்.

அம்மாதான் விடவில்லை. “ஏலே, நான் ஒனக்கு என்னலே செஞ்சேன்? கட்டுன மனுசன் கண் முன்னால நிக்கயில எம் பொட்ட அழிச்சுட்டியே!” என்று தலையில் அடித்துக்கொண்டாள். அம்மா கோயிலுக்குப் போய்விட்டுக் குங்குமத்தோடு அப்போதுதான் வந்திருந்தாள். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். தரை பிளக்காதா என்பார்களே, அப்படி இருந்தது.

15 ஜூலை, செவ்வாய்

பாட்டை எடுத்துவிட்டேன். பெலிக்ஸ் அண்ணனுக்குப் போன் போட்டுச் சொன்னேன். “நானும்தாம்லே கூட்டு” என்று மட்டும் சொன்னார்.

ஏன் எழுதினேன்? நேர்மையாகச் சொல். அப்பா அடித்தாரா? இல்லை. குடித்தாரா? இல்லை. பாசமாக ஒரு வார்த்தை அவரிடம் சொல்ல எனக்கு வராது, கூச்சம். செத்துப்போனதாக வைத்துக்கொண்டேன், வார்த்தை கொட்டியது. பேசுவதற்குச் சோம்பேறித்தனப்பட்டு மனுஷனைக் கொன்றுவிட்டேன். ஊர் முழுக்க இரங்கல் சொன்னபோது வாங்கி வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். சீ.

17 ஜூலை, வியாழன்

ஆடி ஒன்று. அம்மா பாயசம் வைத்தாள். எனக்கும் ஊற்றினாள், முகத்தைப் பார்க்காமல். யூஃபோனியம் மறுபடி பரணில். அத்தை விட்டுப்போன கோடி வேட்டி அதன் மேல் பையோடு கிடக்கிறது. யாரும் தொடுவதில்லை. கட்டவும் முடியாது, திருப்பிக் கொடுக்கவும் முடியாது.

டீ மட்டும் வழக்கம்போல எனக்கும் சேர்த்து வாங்கி வைத்திருக்கிறார். அதைக் குடிப்பதுதான் இருப்பதிலேயே கஷ்டம்.

20 ஜூலை, ஞாயிறு

ரமீஜா எழுதியிருந்தார், பாட்டைக் காணோமே என்று. உண்மையைச் சொல்லிவிட்டேன். என் அப்பா உயிரோடு இருக்கிறார், உங்களிடம் பொய் சொன்னேன், மன்னியுங்கள். சாயங்காலம் பதில் வந்தது:

‘ரொம்பக் கோபமா வந்துச்சு. உங்க அத்தா நல்லா இருக்கட்டும். நீங்க ஏன் இதை அவங்ககிட்ட சொல்லாம என்கிட்ட சொல்றீங்க?’

26 ஜூலை, சனி

சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அப்பா எதிரே வந்து உட்கார்ந்தார்.

“அந்தப் பாட்ட எங்கலே காணும்?”

“எடுத்துட்டேன்ப்பா.”

“யாரக் கேட்டு எடுத்த? அன்னைக்கு ராத்திரி பூரா கேட்டுட்டு இருந்தேன். விடிஞ்சு பாத்தா காணும்.”

மன்னிச்சிருங்கப்பா என்றேன். சாப்பிடுகிற கையோடு அழுதேன், வேறென்ன. அப்பா தண்ணிச் செம்பை என் பக்கம் நகர்த்தினார்.

“நான் செத்தாத்தான் ஒனக்கு இம்புட்டும் சொல்ல வருமாலே?”

இடது கையால் முகத்தைத் துடைத்தேன்.

அவரே பேசினார். “எத்தனையோ பேருக்கு வாசிச்சிருக்கேன். செத்தவிய ஒருத்தர் காதுலயும் விழுந்திருக்காது. எனக்கு விழுந்துருச்சு. அந்த மட்டுக்கும் குடுத்துவச்சவன்தான். ஆனா ரெண்டாவது சரணத்துல தாளத்த முந்திட்டேன். மழைன்னு நெனச்சு ஊதுனேன்ல. இதுக்கு முந்தக் கூடாது. திரும்ப வாசிக்கணும்.”

நான் தலையாட்டினேன்.

“ஹெட்போன் வேண்டாம். நீ என் எதுக்கப் பாடு. பாத்துட்டே வாசிக்கேன்.”

28 ஜூலை, திங்கள்

ஆடிப்பூரத் தேர். ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கமே போக முடியாது. பதிவு தள்ளிப்போயிற்று, நல்லவேளை.

3 ஆகஸ்ட், ஞாயிறு

கிளம்பும்போது அப்பா அறையிலிருந்து கோடி வேட்டியைக் கட்டிக்கொண்டு வந்தார். மடிப்பு இன்னும் கலையாமல் மொடமொடவென்று. அம்மா பார்த்துவிட்டு, “கழத்துங்க அத!” என்று கத்தினாள்.

“அக்கா வாங்கிட்டு வந்த வேட்டி. கட்டித்தான் தீக்கணும். இன்னைக்குக் கட்டலேன்னா பொறவு நான் பாக்க மாட்டேன்” என்றார். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள், சிரித்தாளா அழுதாளா தெரியவில்லை.

பெலிக்ஸ் அண்ணன் இரண்டு நாற்காலிகளை எதிரெதிரே போட்டிருந்தார். முழங்கால் இடிக்கிற தூரம். இந்தப் பாட்டை நூறு தடவை பாடியிருப்பேன். ஒருவர் முகத்தைப் பார்த்துப் பாடியதே இல்லை. முதல் சரணம் எப்படியோ போய்விட்டது. தோள் வரி வந்தது. எதிரே அந்தத் தோள், மூச்சு இழுக்கும்போது ஏறுகிறது, ஊதும்போது இறங்குகிறது. எனக்குக் குரல் நின்றுவிட்டது. கிடாரும் நின்றுவிட்டது.

அப்பா நிறுத்தவில்லை. இருந்த சுரத்திலேயே நின்றார். கன்னம் துடித்தது, கழுத்து நரம்பு புடைத்தது, கட்டின பல்லோடு எப்படித்தான் பிடித்தாரோ. கண்ணை என்மேல் இருந்து எடுக்கவில்லை. நான் திரும்பி வருகிற வரை பிடித்துக்கொண்டே இருந்தார். வந்தேன். சேர்ந்து முடித்தோம்.

“அந்த இடத்த வெட்டிரவா?” என்று கேட்டார் அண்ணன்.

“இருக்கட்டும்” என்றார் அப்பா.

அட்டையில் இனிமேல் அவர் படம் இல்லை. ‘யூஃபோனியம்: சேதுபதி’ என்று மட்டும். அதைத் தானே ஒரு முறை வாசித்துப் பார்த்துக்கொண்டார்.

திரும்பி வருகிற பஸ்ஸில், அம்மாவுக்கு வாங்கிய பால்கோவா பாக்கெட்டை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்: “அடுத்த பாட்டு எதப் பத்தி?”

பொய் சொல்லவில்லை. “அம்மாவப் பத்திப்பா.”

பால்கோவா பாக்கெட்டை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார்.

“அவட்ட மொதல்லயே பாடிக் காட்டிரு.”

4 ஆகஸ்ட், திங்கள்

அம்மா தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். கிடாரை எடுத்துக்கொண்டு அடுப்படி வாசலில் போய் நின்றேன்.