வௌவாலுக்குக் கண் தெரியும்

என் அருமை அண்ணா,

பழி வாங்கிவிட்டேன். நலம் விசாரிப்பெல்லாம் அப்புறம், முதலில் இதைக் கேள்.

நீ போய் ஒன்பது மாதம் ஆகிறது. செம்பாக்கத்தில் அதே ஃபிளாட், அதே மூன்றாம் மாடி. சப்பாத்தி போடும்போது பக்கத்தில் வந்து நின்று, "பாப்பா, உடம்புலயே சின்ன எலும்பு காதுக்குள்ளதான் இருக்கு, தெரியுமா?" என்று சொல்ல ஆள் இல்லை. தாம்பரம் ஸ்டேஷனில் ரயில் தாமதமானால்கூட உனக்குக் கொண்டாட்டம். யாராவது முன்பின் தெரியாதவரைப் பிடித்து ஒரு துணுக்கு சொல்லிவிடுவாய். எனக்கு எரிச்சலாக வரும். இப்போது அந்த எரிச்சலுக்கு நான் எங்கே போவேன்?

போன பொங்கலுக்கு முந்தின பொங்கல் விழா குவிஸை நீ மறந்திருக்க மாட்டாய். நடத்தியவர் நம் அசோசியேஷன் செகரட்டரி. "பறக்கும், ஆனால் கண் தெரியாது. எந்தப் பாலூட்டி?" என்றார்.

நீ மைக்கை வாங்கினாய். "அப்படி எதுவும் இல்ல சார். வௌவாலுக்குக் கண்ணு தெரியும்."

அவர் கையிலிருந்த தாளில் வௌவால் என்று இருந்தது. பத்து மார்க் போனது, முதல் பரிசும் போனது. மறுநாளிலிருந்து லிஃப்டில் அவர் தொடங்கிவைத்த கேலி: "என்ன வௌவால் சார், இன்னிக்குக் கண்ணு தெரியுதா?"

முதலில் நீயும் சிரித்தாய். அப்புறம் லிஃப்டை விட்டுவிட்டுப் படியேறினாய். கடைசியில் துணுக்கு சொல்வதையே நிறுத்திவிட்டாய். உன் உயிரை எடுத்தது மாரடைப்புதான். ஆனால் வாயை அடைத்தவர் அவர்.

உன் காரியத்துக்கு மாலையோடு வந்த அதே செகரட்டரி என்னிடம் மெதுவாகச் சொன்னார். "உங்க அண்ணன் சொன்னதுதாம்மா கரெக்ட். அன்னிக்கே நெட்ல பாத்தேன். எல்லார் முன்னாடியும் எப்படிச் சொல்றதுன்னு..."

அன்றைக்கே தெரிந்திருக்கிறது அண்ணா. தெரிந்துகொண்டே ஒரு வருடத்துக்கு மேல் உன்னை வௌவால் என்று கூப்பிட்டிருக்கிறார். இந்த வருடப் பொங்கல் குவிஸை நானே நடத்துகிறேன் என்று கமிட்டியிடம் கேட்டு வாங்கினேன்.

இன்று மாலை நடந்தது. முதல் கேள்வி அவருடைய அணிக்கு. "வௌவாலுக்குக் கண் தெரியுமா, தெரியாதா?"

"பாஸ்மா."

"இந்த ரவுண்டுல பாஸ் கிடையாது சார்."

"தெரியும்."

"கேக்கல சார். மைக்கைக் கிட்ட வெச்சுச் சொல்லுங்க."

"வௌவாலுக்குக் கண்ணு தெரியும்மா."

"இது உங்களுக்கு எப்போலேருந்து தெரியும் சார்?"

மைக்கை இறக்கப் போய், மறுபடி தூக்கினார். "அவரு சொன்ன... அன்னிக்கேம்மா."

ஒருவரும் கைதட்டவில்லை. நான் போர்டில் உன் பெயரை எழுதி, பக்கத்தில் பத்து போட்டேன்.

பாவமாக இல்லையா என்று நீ கேட்பாய். இல்லை. துளிகூட இல்லை.

நாளை முதல் லிஃப்ட் பக்கத்து நோட்டீஸ் போர்டில் தினம் ஒரு துணுக்கு எழுதப் போகிறேன், அடியில் உன் பெயரோடு. அதைப் பார்க்காமல் அவர் லிஃப்டில் ஏற முடியாது. வேண்டுமானால் படியேறிப் போகட்டும்.

உன்மேல் எரிந்து விழுந்தே வளர்ந்த தங்கை,
பாப்பா